பொதி சுமக்கும் முதுகு

பஹாங் மாநிலத்து ரிங்லெட்டைச் சுற்றியுள்ள மலைச் சாலைகளில் இன்று லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. ஆயினும் 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, காடு மண்டிய அச்சரிவுகளைத் திருத்தத் துணைநின்றவை பழைய நீராவி உருளை ஒன்றும், தொழிலாளரின் கரங்களும், கோவேறு கழுதைகளுமே என்று தோட்டத்தின் வரலாறு கூறுகிறது. ஒரு வரியில் வந்து மறையும் அவ்வாயில்லா ஜீவன்களை எண்ணும்போது, பொதி சுமக்கும் பிராணிகளையும், உதகையிலும் கொடைக்கானலிலும் பயணிகளை ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரைகளையும் ஒருங்கே வாட்டும் சேணப்புண்ணைப் பற்றிப் பேசாதிருக்க மனம் வரவில்லை.

இப்புண் உராய்வினால் மட்டும் உண்டாவதன்று. சேணத்துக்கும் எலும்புக்கும் இடையே அகப்பட்ட சர்மத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, பிராணவாயு கிட்டாமல் திசுக்கள் உள்ளுக்குள்ளேயே மடிந்து, சில நாட்கள் கழிந்த பின்னரே கொடிய ரணம் வெளியே தலைகாட்டுகிறது. ஆறிய இடத்தில் வெள்ளை மயிர் முளைப்பதற்குக் காரணம், நிறமளிக்கும் உயிரணுக்கள் அங்கே அழிந்துபோனதே.

இளங்குதிரைக்கு அபாயம் அதிகம். முதுகெலும்பின் வளர்ச்சித் தகடுகள் முற்றிலும் இறுக ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதற்குள் தோள்மேடு உயர்ந்தும் தசை பருத்தும் உருவம் மாறிக்கொண்டே இருப்பதால், சித்திரையில் பொருந்திய சேணம் ஐப்பசியில் பொருந்துவதில்லை. மலைநாட்டிலோ, ஏற்றத்தில் பொதி பின்னும் இறக்கத்தில் முன்னும் வழுகித் தோலை இழுக்கின்றது. ஆண்டுக்குச் சராசரியாக 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் கேமரன் மலை போன்ற இடங்களில், ஈரம் ஊறிய தோலில் டெர்மட்டோஃபிலஸ் என்னும் பாக்டீரியா எளிதில் குடியேறி, மயிர்க்கற்றையோடு பெயர்ந்து வரும் பொருக்குகளை உண்டாக்குகிறது.

வேலை முடிந்து சேணத்தைத் தூக்கியவுடன் முதுகைக் கூர்ந்து நோக்க வேண்டும். எங்கும் வியர்வையில் நனைந்திருக்க, உள்ளங்கையளவு இடம் மட்டும் உலர்ந்திருந்தால், அங்கேதான் வியர்வைச் சுரப்பிகள் அழுந்தியிருக்கின்றன. மறுநாள் வீங்கப்போவதும் பெரும்பாலும் அவ்விடமே. ஆகவேதான் அனுபவமிக்க குதிரைக்காரர்கள் சேணத்தை உடனே இறக்காமல், வயிற்றுவாரை மட்டும் தளர்த்திச் சிறிது நேரம் விட்டு, இரத்தம் மெல்லத் திரும்ப இடமளிக்கின்றனர்.

புண் வந்துவிட்டால், முதற் சிகிச்சை சுமையை நீக்குவதே. அதற்கு ஈடான களிம்பு எதுவும் இல்லை. கம்பளியில் புண்ணளவு துளையிட்டுக்கொண்டு வேலை வாங்கும் வழக்கம், துளையின் விளிம்பில் அழுத்தத்தைக் குவித்துப் புண்ணைப் பெரிதாக்கும் கொடுமையாகும். சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்து, கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்துக் கழுவி, ஈக்கள் மொய்க்காமல் காக்க வேண்டும். குதிரையினம் வில்வாத நோய்க்கு மிக எளிதில் இலக்காவதால் தடுப்பூசி அவசியம். தோள்மேட்டில் சீழ் கோத்தால் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை அழைப்பதே முறை.

மயிர் மீண்டும் அடர்ந்து, இரு விரல்களால் அழுத்தும்போது பிராணி முதுகை நெளிக்காத நிலை வந்த பிறகே, முதலில் வெறுஞ்சேணத்தை மட்டும் சிறிது நேரம் வைத்துப் பழக்கலாம்.