பழைய ஸ்போட்ஸ் காரும் சிறு திருத்தங்களும்

பழைய ஸ்போட்ஸ் கார் ஒன்றை வீட்டிலேயே புதுக்க விரும்புவோருட் பலர், முதல் வாரத்திலேயே அதனை முற்றாகக் கழற்றிவிடுகின்றனர். கழற்றுதல் எளிது, பூட்டுதல் அரிது. எந்த ஆணி எவ்விடத்துக்கு உரியது என்பது மறந்துபோக, பணமும் ஊக்கமும் குறைய, வண்டி பெட்டிகளுள் உதிரிகளாகவே கிடந்து அழிகின்றது. ஆதலின், குடியிருந்துகொண்டே வீட்டைத் திருத்துவது போல, வண்டியை ஓடும் நிலையில் வைத்துக்கொண்டே பழுதுகளை ஒவ்வொன்றாக நீக்குதல் வேண்டும் என்பதே நாம் ஈண்டு விளக்க விழைவது.

எம். ஜி. பி. என்னும் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இங்கிலாந்தின் அபிங்டன் நகரிலே 1962 முதல் 1980 வரை 5 இலட்சத்துக்கு மேற்பட்ட எம். ஜி. பி. வண்டிகள் செய்யப்பட்டன. 1798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள இதன் இயந்திரம், நம் நாட்டுத் தெருக்கள் நன்கறிந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் வண்டியின் இயந்திரத்தோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது.

முதலிற் கவனிக்கற்பாலது பிரேக். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் மிகுந்தால் அதன் கொதிநிலை தாழும். நெடிய இறக்கத்திலே பிரேக் சூடேறும்போது திரவத்தில் ஆவிக்குமிழிகள் தோன்ற, மிதித்த கால் வெறுமனே கீழிறங்கும், வண்டி நில்லாது. ஆகவே இரண்டாண்டுக்கொருமுறை திரவத்தை மாற்றுதல் நன்று. றப்பர்க் குழாய்கள் புறத்தே நன்றாகத் தோன்றினும் அகத்தே வீங்கி அடைபடக்கூடும். வண்டியின் கீழே வேலை செய்வோர் ஜக்கை மட்டும் நம்புதல் ஒருபோதும் ஆகாது. உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை நிறுத்திய பின்னரே கீழே புகுதல் வேண்டும்.

அடுத்தது மின்சாரம். விளக்கு மங்கினால் உடனே புதிய உறுப்பு வாங்க வேண்டுவதில்லை. மின்னோட்டம் வண்டியின் உடல்வழியே பற்றறிக்குத் திரும்புகின்றது. அத்தொடுப்பிடங்களில் துரு ஏறினால் ஓட்டம் தடைப்படும். அரத்தாளால் தேய்த்து இறுக்கினாலே பெரும்பாலும் விளக்குத் தெளியும். தொடக்ககால வண்டிகளில், 1967 வரை, பற்றறியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. புதுக்கருவி எதனையும் பூட்டுமுன் இதனை அறிதல் வேண்டும்.

இவ்வண்டிகளுட் பெரும்பாலானவற்றில் எஸ். யு. காபுரேற்றர்கள் இரண்டு உள. இயந்திரம் காற்றை இழுக்க, அதற்கேற்ப ஓர் ஆடுதண்டு மேலெழும். அதனோடு எழும் கூர்ஊசி பெற்றோலுக்கு வழிவிடும். ஆடுதண்டு சடுதியாக எழாதபடி தடுப்பது அதன் மேற்குழாயிலுள்ள சிறிதளவு எண்ணெய். அது வற்றினால், வேகத்தைக் கூட்டும்போது காற்று மிகுந்து பெற்றோல் குறைய, வண்டி தயங்கித் திணறும். சில துளி எண்ணெயால் தீரும் பழுதுக்காக இயந்திரத்தையே கழற்றினோர் உளர்!

சிறுபணியாகக் கருதலாகாத ஒன்றும் உண்டு. இவ்வண்டிக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடலே சட்டகம். கூரையற்ற வகையிலே, கதவுகளின் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிபோன்ற தகட்டுப்பகுதிகளே பாரத்தின் பெரும்பங்கைத் தாங்குகின்றன. அவை துருவேறியபின் பசை பூசி வர்ணத்தால் மறைத்தல் உயிரோடு விளையாடுதலேயாம். புதுத்தகடு ஒட்டும்போது உடலைக் கீழிருந்து தாங்கி, கதவுகளைப் பூட்டியபடியே வைத்து, அவற்றின் இடைவெளி மாறாதிருத்தலை அடிக்கடி நோக்குதல் வேண்டும். தவறின் உடல் நடுவே தொய்யும்; கதவும் மூடாது. இவ்வேலையைக் கைதேர்ந்த ஒட்டுவேலைக்காரரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

ஒரு திருத்தம் செய்தபின் வண்டியை ஓட்டிப் பார்த்து, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதிய பின்னரே அடுத்ததைத் தொடங்குக. பத்துத் திருத்தங்களை ஒருங்கே செய்தால், புதிதாய் எழுந்த பழுது எதனால் வந்ததென்று அறிய இயலாது. ஒன்றைச் செய்து நோக்கினாலோ, காரணமும் காரியமும் தெளிவாய் விளங்கும். நம் மாணவர்கள் ஆய்வுகூடத்திற் பயிலும் முறையும் இதுவேயன்றோ? பழங்கார் ஒன்று வீட்டில் இல்லாதவரும், பழுதான சைக்கிளிலோ தையல் இயந்திரத்திலோ இம்முறையைப் பயின்று பயன்பெறலாம்.