காப்பு, சரண், பூங்கா: காடு பற்றிய ஆங்கிலச் சட்டச்சொற்களின் பொருள் வேறுபாடு

1. முன்னுரை

பொதுவழக்கில் ஒருபொருட்பன்மொழி போல் தோன்றும் சொற்கள் சட்டவழக்கில் ஒன்றற்கொன்று மாற்றாக வருவதில்லை. நெருங்கிய பொருளுடைய இரு சொற்களைச் சட்டம் தனித்தனியே வரையறுத்த பின், அவற்றின் வேறுபாடு பொருள்நயம் பற்றியதாக மட்டும் இராமல் மக்களின் உரிமை பற்றியதாகவும் ஆகிவிடுகிறது. 'ரிசர்வ்டு ஃபாரஸ்ட்', 'சாங்சுவரி', 'நேஷனல் பார்க்', 'டைகர் ரிசர்வ்' ஆகிய ஆங்கிலச் சொற்கள் இதற்குத் தக்க சான்றுகளாகும். இவற்றின் பொருள் வேறுபாடும், தமிழாக்கத்தில் அவ்வேறுபாடு மங்கும் இடங்களும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

2. ஒரே காடு, வெவ்வேறு பெயர்கள்

1997 வரை மைசூர் மாவட்டத்திலிருந்து இன்று சாமராசநகர் மாவட்டத்தைச் சேர்ந்துள்ள குண்டலுபேட்டை, மூன்று மாநிலங்களின் சந்திப்பை ஒட்டிய ஊராகும். மைசூரிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை இங்கு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை பந்திப்பூர், முதுமலை வழியாக உதகைக்கும், மற்றொன்று முத்தங்கா வழியாகச் சுல்தான் பத்தேரிக்கும் செல்கின்றன. இவ்விரு சாலைகளும் ஊடறுத்துச் செல்லும் காடு தொடர்ச்சியானது. ஆயினும் அதன் சட்டப்பெயர்கள் வேறுபடுகின்றன. பந்திப்பூர் 1973இல் புலித் திட்டத்திலும் சேர்ந்து, 1974இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. முதுமலை 1940இல் சரணாலயமாகவும் 2007இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது; அதன் ஒரு பகுதி தேசியப் பூங்காவுமாகும். 1973இல் அமைந்த வயநாடு சரணாலயம் மட்டுமே, புலிகள் காப்பகமன்று. தமிழ்ச் செய்திகளிலோ இம்மூன்றும் 'சரணாலயம்' என்றே பலகாலும் குறிக்கப்படுகின்றன.

3. ஒதுக்குதலும் காத்தலும்

'ரிசர்வ்' என்னும் ஆங்கில வினைக்கு அடிப்படைப் பொருள் ஒரு பயனுக்கென ஒதுக்கி வைத்தல் என்பதாகும். இருக்கை முன்பதிவிலும் இட ஒதுக்கீட்டிலும் இப்பொருளே நிற்கிறது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின்படி 'ரிசர்வ்டு ஃபாரஸ்ட்' என்பது அரசுக்கென ஒதுக்கப்பட்ட காடு. அதை அறிவிக்குமுன் பிறர் உரிமைகள் விசாரிக்கப்பட்டன. குறித்த காலத்துள் கோரப்படாத உரிமைகள் அற்றுப்போயின. மரம் வெட்டப்படாமல் காப்பது அச்சொல்லின் பொருளன்று. அரசே அங்கு மரம் வெட்டி விற்றது. தமிழில் நிலைபெற்ற 'காப்புக்காடு' என்னும் சொல் ஒதுக்குதற் பொருளை மறைத்துக் காத்தற் பொருளை முன்னிறுத்துகிறது.

1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தில் 'புரொடெக்டடு ஃபாரஸ்ட்' என்னும் மற்றொரு வகையும் உண்டு. 'ரிசர்வ்' என்பதைவிட 'புரொடெக்ட்' என்பது வலிமையான காவலைக் குறிப்பதாகத் தோன்றும். சட்டத்தில் நிலைமை நேர்மாறானது. முன்னதில் அனுமதிக்கப்பட்டவை தவிர ஏனையவை விலக்கு. பின்னதில் விலக்கப்பட்டவை தவிர ஏனையவை அனுமதி. 'பாதுகாக்கப்பட்ட காடு' என்னும் தமிழாக்கமும் இம்மயக்கத்தை அப்படியே கொண்டுள்ளது.

4. சரணாலயமும் பூங்காவும்

'சாங்சுவரி' என்பது திருவிடத்தைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழி வந்தது. தேவாலயத்துள் புகுந்தவரைப் பிடிக்கலாகாது என்னும் ஐரோப்பிய வழக்கால் அடைக்கலம் என்னும் பொருளை அச்சொல் பெற்றது. 'சரணாலயம்' என்னும் தமிழ் வழக்கு இப்பொருளோடு பெரிதும் இயைகிறது. 'பார்க்' என்பதோ இடைக்கால இங்கிலாந்தில் மான்வேட்டைக்கென வேலியிடப்பட்ட நிலத்தைக் குறித்தது; நகர்ப்புற உலாவிடம் என்னும் பொருள் பின்னர் வந்ததே. தமிழிலுள்ள 'பூங்கா' இப்பிற்காலப் பொருளுக்கே பொருந்துவது. மலரும் நிழலும் சிறுவர் விளையாட்டும் அச்சொல்லோடு வரும் கருத்துகள்.

இதன் விளைவு கருதத்தக்கது. சொல்லோசையால் சரணாலயம் கடுமையானதாகவும் பூங்கா எளிமையானதாகவும் தோன்றுகின்றன. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வரிசை தலைகீழாக உள்ளது. சரணாலயத்தில் சில உரிமைகள் தொடர்வதற்கு இடமுண்டு. கால்நடை மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவும் கட்டுப்படுத்தவும் தடைசெய்யவும் அதிகாரிக்கு உரிமையுண்டு. தேசியப் பூங்காவிலோ மேய்ச்சல் முற்றிலும் விலக்கு. நிலத்தின் மீதான உரிமைகள் யாவும் அரசைச் சேர்ந்த பின்னரே இறுதி அறிவிப்பு வெளியிடப்படும். காட்டோரச் சிற்றூரில் மாடு மேய்ப்பவருக்குப் 'பூங்கா' என்னும் சொல் இக்கடுமையை உணர்த்துவதில்லை.

2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடைசெய்து ஆணையிட்டது. அம்மாதத்திலேயே அதனைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டுமென வரையறுத்தது. 'காடு' என்னும் பொதுச்சொல்லுக்கும் இம்மூன்று சிறப்புச்சொற்களுக்கும் இடையிலான எல்லையே அங்கு மேய்ப்போரின் வாழ்வாதாரத்தை முடிவுசெய்தது.

5. மேற்படியும் சொல்

சரணாலயமும் தேசியப் பூங்காவும் இணைவகைகள். 'டைகர் ரிசர்வ்' அவற்றோடு ஒத்த மூன்றாம் வகையன்று. 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சட்டத்துள் புகுந்த அப்பெயர், முன்னுள்ள பெயர்களை நீக்காமல் அவற்றின்மேல் படிகிறது. உள்ளே மையப் பகுதியும் சுற்றிலும் இடைப் பகுதியும் அதற்கு உண்டு. ஆகவே 'முதுமலைச் சரணாலயம் புலிகள் காப்பகமாக மாற்றப்பட்டது' என்னும் தொடர் பிழையானது. 'புலிகள் காப்பகம் எனவும் அறிவிக்கப்பட்டது' என்பதே பொருந்தும். மாற்றத்துக்கும் கூட்டலுக்கும் உள்ள வேறுபாடு இங்கு 'எனவும்' என்னும் உம்மையில் தங்கியுள்ளது.

6. மொழிபெயர்ப்பு நெறி

நிலைபெற்ற தமிழ்ச் சொற்களை இனி மாற்றுவது குழப்பத்தையே மிகுவிக்கும். அவற்றை வரையறையோடு ஆளுதலே செய்யத்தக்கது. முதலாவதாக, 'சரணாலயம்' என்பதைப் பொதுப்பெயராக வழங்காது அச்சட்டவகைக்கே உரியதாக்க வேண்டும். பொதுவாகச் சுட்டுமிடத்துக் 'காடு' என்பதே போதும். இரண்டாவதாக, 'காப்புக்காடு', 'தேசியப் பூங்கா' ஆகியவை முதலில் வருமிடத்தில் உரிய சட்டத்தின் பெயரையும் மேய்ச்சல், நுழைவு பற்றிய நிலையையும் ஒரு தொடரால் விளக்குதல் நன்று. மூன்றாவதாக, ஒழுங்குபடுத்தல், கட்டுப்படுத்தல், தடைசெய்தல் ஆகிய மூன்று வினைகளையும் 'தடை' என ஒன்றாக்குதல் கூடாது. அகராதியில் இவை அண்டை வீட்டுச் சொற்கள். அறிவிப்புப் பலகையைப் படித்து மாட்டை ஓட்டிச் செல்பவருக்கோ இவை வெவ்வேறு ஆணைகள்.