ஒளி மங்கினால் பாதரசமா? நானோ சென்சார் எப்படி வேலை செய்கிறது

கியூஎல்இடி டிவி விளம்பரங்களில் 'குவாண்டம் டாட்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். சில நானோமீட்டர் அளவே உள்ள குறைகடத்தித் துகள் அது. ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர்! துகள் சிறிதானால் நீலமாகவும், சற்றுப் பெரிதானால் சிவப்பாகவும் ஒளிரும். இந்தக் கண்டுபிடிப்புக்காக அலெக்சி எகிமோவ், லூயி புரூஸ், மௌங்கி பவெண்டி ஆகிய மூவருக்கும் 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

டிவியில் படம் காட்டும் இந்தத் துகளை வைத்துத் தண்ணீரில் பாதரசம் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் பல குவாண்டம் டாட்களில் கேட்மியம் உண்டு. அதுவே நச்சு உலோகம்தான். விஷத்தைத் தேட இன்னொரு விஷத்தைக் கலப்பதா? அதனால் பல ஆய்வாளர்கள் கார்பன் டாட் பக்கம் திரும்பினார்கள். 2004-ல் கார்பன் நானோ குழாய்களைச் சுத்தம் செய்யும்போது தற்செயலாகக் கிடைத்தவை இவை. சிட்ரிக் அமிலத்தைச் சூடாக்கியே தயாரித்துவிடலாம்.

வேலை செய்யும் விதம் எளிது. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் விளக்கில் வருவது போன்ற புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால், துகளில் உள்ள எலெக்ட்ரான் மேலே தாவும். கீழே இறங்கும்போது அந்தச் சக்தியை நீல ஒளியாக வெளியிடும். பாதரச அயனி துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டால் எலெக்ட்ரான் வேறு வழியில் இறங்கிவிடும். ஒளி மங்கும்.

"அப்படியென்றால் செல்போனில் படம் எடுத்து, மங்கலை அளக்க ஒரு ஆப் எழுதினால் போதுமே" என்று நினைக்கிறீர்களா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. சிக்கல் இங்கேதான். பல கார்பன் டாட்கள் இரும்புக்கும் மங்கும். போர் தண்ணீரில் இரும்பு சாதாரணம். தண்ணீர் கலங்கலாக இருந்தாலும், விளக்கின் பேட்டரி இறங்கினாலும் மங்கும். போதாக்குறைக்கு, செல்போன் கேமரா ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் என்று தானே வெளிச்சத்தைக் கூட்டி, நிறத்தையும் திருத்திவிடும். மங்கியதே படத்தில் தெரியாது!

இதற்கு ஒரு வழி, பாதரசத்தால் பாதிக்கப்படாத சிவப்புத் துகளைச் சிலிக்கா உறைக்குள் வைத்துக் கூடவே சேர்ப்பது. நீலத்தைச் சிவப்பால் வகுத்த விகிதத்தை மட்டும் ஆப் பார்க்க வேண்டும். விளக்கு மங்கினால் இரண்டும் சேர்ந்து குறையும், விகிதம் அநேகமாக மாறாது. பாதரசம் வந்தால் நீலம் மட்டும் குறைந்து, ஊதா நிறம் சிவப்பாகும். கேமராவின் ஆட்டோ வசதிகளை மேனுவலுக்கு மாற்றுவது அப்போதும் அவசியம். இரும்புப் பிரச்சினையும் இதனால் தீராது. அதற்குப் பாதரசத்தை மட்டும் பிடிக்கும் மூலக்கூறைத் துகளின் மேல் பொருத்த வேண்டும்.

என்சைம் சோதனையில் கதை தலைகீழ். டிரிப்சின் என்பது புரதத்தை வெட்டும் செரிமான என்சைம். ஒளிரும் துகளையும் ஒளியை விழுங்கும் பொருளையும் சின்னப் புரதத் துண்டால் கட்டிவைப்பார்கள். அருகருகே இருக்கும்வரை இருட்டு. டிரிப்சின் கட்டை வெட்டியதும் ஒளி வரும். எவ்வளவு வேகமாக ஒளி கூடுகிறதோ, அவ்வளவு வேகமாக என்சைம் வேலை செய்கிறது என்று அர்த்தம். இருட்டில் ஒளி தோன்றுவதைக் கவனிப்பது, இருக்கும் ஒளி மங்குவதைக் கவனிப்பதைவிடச் சுலபம்.

இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500-ன்படி பாதரசத்தின் வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். அந்த அளவில் வரும் மங்கலைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எனவே செல்போன் படம் 'மாற்றமில்லை' என்று காட்டினாலும் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் மாதிரியைத் தண்ணீர் பரிசோதனைக் கூடத்துக்கே அனுப்புங்கள்.