செடி வாங்குமுன் ஒரு குழி தோண்டுவோம்

கெடாவின் சுங்கை லாலாங், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்துப் புதிய தாமான்கள் பலவும் முன்பு பால்மரம் நின்ற நிலத்தில் எழுந்தவை. சாவி வாங்கி, பால் காய்ச்சிக் குடிபோன கையோடு வாசலில் நாலு பூச்செடி வைக்க ஆசை வருகிறது. சாமிக்கும் பூ வேண்டும், தலைக்கும் பூ வேண்டும். நர்சரிக்குக் கிளம்புமுன், தேநீரைக் குடித்துக்கொண்டே நம் காலடி மண்ணைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

லயத்து வீட்டு வாசலில் எதைக் குத்திவைத்தாலும் வளர்ந்தது என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். பால்மரம் ஆண்டுதோறும் வறண்ட மாதங்களில் இலை உதிர்க்கும். அந்த இலையெல்லாம் மக்கி, மேலே ஒரு சாண் அளவுக்குக் கறுத்த மண்ணாகக் கிடக்கும். தாமான் கட்டும்போது மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, உருளை ஓட்டி அழுத்துகிறார்கள். கறுத்த மண் போய்விடுகிறது. அடியிலிருந்த சிவப்புக் களிமண் மேலே வருகிறது, கூடவே சிமெண்டுக் கட்டியும் உடைந்த செங்கல்லும்.

மண் சரியில்லை என்பது நமக்கும் தெரிகிறது. ஆகவே ஒரு குழி தோண்டி, மூட்டையில் வாங்கிய கறுப்பு மண்ணை அதில் கொட்டி, மல்லிகையை வைக்கிறோம். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு இலை தொங்குகிறது. தாகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றுகிறோம். இன்னும் வாடுகிறது, இன்னும் ஊற்றுகிறோம். ஒருநாள் தொட்டதும் செடி கையோடு வந்துவிடுகிறது. நமக்குக் கைராசி இல்லை என்று விட்டுவிடுகிறோம்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தச் செடி மூச்சுமுட்டிச் செத்தது. இறுகிய களிமண்ணில் தோண்டிய குழி, அடியில் ஓட்டை போடாத வாளி மாதிரி. மழையும் நாம் ஊற்றியதும் அதற்குள்ளேயே தேங்கும். வேருக்கும் பிராணவாயு வேண்டும். மண்துகள்களின் இடுக்கில் இருக்கும் காற்றிலிருந்துதான் அது கிடைக்கிறது. இடுக்கெல்லாம் நீர் நிறைந்துவிட்டால், அந்த நீருக்குள் பிராணவாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. மூச்சுவிட முடியாத வேரால் தண்ணீரை உறிஞ்சவும் முடியாது. எனவே தண்ணீருக்குள் நின்றபடியே செடி வாடுகிறது. தண்ணீர் குறைந்தாலும் மிகுந்தாலும் வாட்டம் ஒன்றுபோலவே தெரிவதால்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். வாடிய செடியைக் கண்டால் குவளையைத் தேடாமல் முதலில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்து அழுகிய வாடையும் அடித்தால் அதற்குத் தண்ணீர் வேண்டாம்.

இதை முன்கூட்டியே அறிய ஒரு சோதனை உண்டு. செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஓர் அடி ஆழக் குழி தோண்டி, நீர் நிரப்பி, வடிய விடுங்கள். மறுபடி நிரப்பிக் கவனியுங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் கவலையில்லை, அங்கேயே நடலாம். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அந்த இடத்தில் கீழே தோண்டக் கூடாது, மேலே எழுப்ப வேண்டும். தரையை ஒரு சாண் ஆழம் கொத்திவிட்டு, அந்த மண்ணோடு மக்கிய ஆட்டெருவும் கருக்கிய நெல் உமியும் கலந்து, ஓர் அடி உயரத்துக்கு மேட்டுப் பாத்தி கட்டுவோம். கெடா நெல் விளையும் நாடு, உமிக்குப் பஞ்சமில்லை. கொத்தும்போது லாலாங் புல்லின் வெள்ளைத் தண்டு கிடைத்தால் துண்டு விடாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு துண்டும் முளைக்கும்.

இனி பூவைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் இடத்தைச் செம்பருத்திக்கே கொடுப்பேன். 1960-இல் மலாயா தன் தேசிய மலராக அறிவித்தது இதைத்தான். அப்போது போட்டியில் இருந்தவற்றில் மல்லிகை, தாமரை, ரோஜா, செண்பகம், மகிழம்பூ எல்லாம் உண்டு. நமக்கு இது முக்கியமாவது வேறு காரணத்தால்: பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய பென்சில் பருமன் குச்சியிலேயே வேர்விடும், காசு செலவில்லை. நந்தியாவட்டையும் அப்படியே. செவ்வரளி பூசைக்கு நல்லதுதான், ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இட்லிப்பூ இங்கே நன்றாக வரும், ஒரு நிபந்தனையோடு. அது புளிப்பு மண்ணை விரும்பும் செடி. நம் சிவப்பு மண் இயல்பாகவே புளிப்பானது. ஆனால் சுவரோரம் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து அந்தப் புளிப்பை முறித்துவிடும். பிறகு மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை மஞ்சளாகும். அதற்கு உரம் போடுவது வீண். சுவரை விட்டு மூன்றடி தள்ளி வையுங்கள்.

ரோஜாவும் சாமந்தியும் ஆசை காட்டும். கடையில் பூத்துக் குலுங்கும் சாமந்தித் தொட்டிகள் பெரும்பாலும் கேமரன் மலைக் குளிரில் வளர்ந்தவை. நம் ஊர் வெப்பத்தில் அந்தப் பூ உதிர்ந்த பிறகு மறுபடி அப்படிப் பூப்பது அரிது. ரோஜாவுக்கு நம் மழைக்காலத்தில் இலைக் கரும்புள்ளி நோய் வரும். இரண்டையும் கை பழகியபின் வைத்துக்கொள்வோம்.

ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் நட வேண்டாம். ஏப்ரல் மழை தொடங்கும்போது நடுவோம். கறுப்புப் பிளாஸ்டிக் பையைக் கிழித்து எறிந்து, சுருண்ட வேரை விரலால் பிரித்து, வேர்க்கட்டியின் தலை பாத்தி மட்டத்துக்கு ஒரு விரல் மேலே நிற்கும்படி வைத்து, தண்டில் படாமல் சருகு போர்த்துங்கள். புதுத் தளிர் வரும்வரை உரம் வேண்டாம். மல்லிகையை நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தில் வையுங்கள். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் கிளை நுனிகளைத் துணிந்து வெட்டிவிடுங்கள். அடுத்த மொட்டு புதுக் கிளையில்தான் வரும்.