பாய்லருக்கு உண்டு, வெந்நீர் அடுப்புக்கு இல்லை

திருப்பூரின் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவை யாருக்கும் வருவதில்லை. மார்கழி, தை விடியலில் குளிர் 18, 20 டிகிரி அளவில் நின்றுவிடும். ஆனால் அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு எட்டரை மணி ஷிப்டுக்குக் கம்பெனிக்குப் போவது கடினம். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இன்னும் கடினம். அதனால்தான் காம்பவுண்டு லைன் வீடுகளின் வாசல்களில் கல் கூட்டி, தவலை ஏற்றி, தென்னை மட்டையும் சீமைக்கருவேலச் சுள்ளியும் வைத்து எரிக்கிறார்கள். பற்றவைக்கப் பனியன் கட்டிங் வேஸ்ட் இருக்கிறது. 2006-இல் வந்த மாநில அரசு இலவச காஸ் அடுப்பு கொடுத்தது. 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. சோறும் குழம்பும் பெரும்பாலும் காஸுக்கு மாறிவிட்டன. வெந்நீர்தான் விறகிலேயே தங்கிவிட்டது.

இதை அறியாமை என்று சொல்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு வாளி என்று 60 லிட்டர் தண்ணீரை 18 டிகிரி கூட்டிக் காய்ச்ச, மாதத்துக்கு ஏறத்தாழ 5 கிலோ காஸ் செலவாகும். 14.2 கிலோ சிலிண்டரில் அது மூன்றில் ஒரு பங்கு. வாரச் சம்பளத்தில் ஓடும் குடும்பம் அந்தப் பங்கைச் சமையலுக்குத்தான் ஒதுக்கும். மின்சாரத்தில் காய்ச்சினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 75 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் இது கைக்கு எட்டுவதுபோலத் தோன்றும். ஆனால் வீட்டு உரிமையாளர் வைத்த உள்மீட்டரில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று கட்டுகிற வாடகைக்காரருக்கு அந்தச் சலுகை போய்ச் சேர்வதில்லை. அப்புறம் விறகைத் தவிர என்ன இருக்கிறது?

ஊர் முழுக்கச் சாயப்பட்டறைப் பாய்லர்கள் டன் கணக்கில் விறகு எரிக்கும்போது, ஏழை வீட்டு வாசலில் எரியும் நாலு சுள்ளியைப் பேசுவது நியாயமா என்று கேட்கலாம். பாய்லர் வெளியேற்றும் புகை பல மடங்கு அதிகம் என்பதில் சந்தேகமில்லை. அதனால்தான் பாய்லருக்கு உயரமான புகைபோக்கியும் தூசியைப் பிடிக்கும் கருவியும் வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிபந்தனை போடுகிறது. ஆனால் உடலுக்கு வரும் கேட்டைத் தீர்மானிப்பது எவ்வளவு புகை வெளியேறியது என்பது மட்டுமல்ல, அதில் எவ்வளவு மூச்சுக்குள் போனது என்பதும்தான். கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் மீதே அளவுக்கருவியைப் பொருத்தி இதைக் காட்டினார். லைன் வீடுகள் நாலடிச் சந்தில் எதிரும் புதிருமாக இருக்கின்றன. குளிர்காலக் காலையில் காற்று அசையாமல் கிடப்பதால், ஒரு வாசலின் புகை எதிர்வீட்டுத் தொட்டில்வரை போகும். கட்டிங் வேஸ்டில் பாலியஸ்டரும் லைக்ராவும் கலந்திருந்தால் நச்சு வாயுக்களும் சேர்ந்துகொள்ளும்.

அந்தக் காலத்துப் பாட்டிகள் விறகு ஊதியே வாழ்ந்தார்களே என்பது பழகிப்போன பதில். இருமலோடும் கண் எரிச்சலோடும் வாழ்ந்தார்கள் என்பதை அது விட்டுவிடுகிறது. அவர்கள் வீட்டு ஓட்டுக்கூரையில் புகை வெளியேற இடுக்குகள் இருந்தன. கொடியடுப்பு வைத்து, சமையல் தீயின் மிச்சச் சூட்டிலேயே வெந்நீர் எடுத்தார்கள். சிமெண்ட் ஷீட் போட்ட பத்துக்குப் பத்து அறையில் இரண்டுக்கும் இடமில்லை.

இதைவிட வலுவான மறுப்பு விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலிருந்து வந்தது. அங்கும் வேறு மூன்று நாடுகளிலும் கர்ப்பிணிகளுக்கு இலவசமாக காஸ் கொடுத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானது. குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் புகையைக் குறைத்து என்ன பயன்? ஆனால் அதே ஆய்வில், விறகிலேயே சமைத்த பெண்கள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம்; காஸ் பெற்ற பெண்களுக்கும் அது சுமார் 24 இருந்தது. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுச் சராசரியாக 5-ஐத்தான் வழிகாட்டி அளவாக வைத்திருக்கிறது. கர்ப்பம் தரித்த பிறகே காஸ் கைக்கு வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. என் பார்வையில் அந்த ஆய்வு சொல்வது, ஒரு வீட்டு அடுப்பை மட்டும் பாதியில் மாற்றினால் போதாது என்பதே. அக்கம்பக்கத்துப் புகையும் சேர்ந்து நிற்க வேண்டும்.

அதற்குத் தோதான இடம் காம்பவுண்டுதான். எட்டுப் பத்து வீடுகள் ஒரே உரிமையாளருடையவை. மொட்டைமாடியோ ஷீட்டுக்கு மேல் இரும்புத் தாங்கியோ இருந்தால் பொதுவான சூரிய வெந்நீர்த் தொட்டி வைக்கலாம். தை மாதத் திருப்பூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அதற்கு வசதியில்லாத இடத்தில், பொது வெந்நீர் அடுப்பு ஒன்றைக் கூரைக்கு மேல் போகும் புகைபோக்கியோடு கட்டலாம். செலவு ஒரு முறைதான். வாடகை வாங்கும் உரிமையாளர்களும், விடுதி நடத்தும் கம்பெனிகளும் அடுத்த மார்கழிக்குள் இதைச் செய்து தர வேண்டும். வீடுகளுக்கு அனுமதி கொடுக்கும் மாநகராட்சி, கழிப்பறையைக் கேட்பதுபோல வெந்நீருக்கான ஏற்பாட்டையும் கேட்க வேண்டும்.