வேலியில் மலரும் விளக்கு

வீட்டு வளவிலே பூச்செடி வளர்த்தல் இனிய பொழுதுபோக்கு என்பதை மறுப்பார் இலர். ஆயினும், ஒரு செடியின் அழகை அறிந்த அளவுக்கு அதன் இயல்பையும் அறிந்து வளர்ப்போர் நம்மிடையே சிலரேயாவர். அச்சிலருள் நாமும் ஒருவரென நெடுங்காலம் எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு எமது இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி அவ்வெண்ணத்தைத் திருத்திற்று.

ஆவணி மாதத்தில் ஒருநாள், பாடசாலை விட்டு வந்த எமது இளைய மகள், "அப்பா, என் சிநேகிதி வீட்டில் பூச்சாடி நிறைய லில்லி பூத்திருக்கிறது. எங்களுக்கும் ஒன்று வாங்கித் தாருங்கள்" என்று கேட்டாள். "லில்லியைத் தேடிக் கடைக்குப் போவானேன்? எங்கள் கோடிப்புற வேலியிலேயே ஒன்று இருக்கிறதே" என்றோம். அவள் ஓடிச்சென்று பார்த்து ஏமாற்றத்துடன் திரும்பினாள். அங்கே கொடியுமில்லை, இலையுமில்லை. கிழங்கு மண்ணுள்ளே உறங்கிக்கொண்டிருந்தது.

நாம் கூறியது கார்த்திகைப் பூவை. செங்காந்தள் எனச் சங்கப் புலவர் போற்றியது இதுவே. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிச் சொல்லும் கபிலர், செங்காந்தளையே முதலில் வைத்தார். முருகப் பெருமானுக்கு உரிய கண்ணியாகவும், மகளிர் விரலுக்கு உவமையாகவும் இதனைப் பண்டையோர் பாடினர். 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் அறிஞர் இதற்குக் குளோரியோசா சுப்பர்பா எனப் பெயரிட்டார். புகழும் பெருமிதமும் தோன்ற அமைந்த இலத்தீன் பெயர் அது. இன்று இது தமிழ்நாட்டின் மாநில மலராகவும், ஆபிரிக்காவிலுள்ள சிம்பாப்வே நாட்டின் தேசிய மலராகவும் விளங்குகின்றது.

லில்லி என நம் தோட்டங்களில் வழங்குவன பலவும் உண்மையில் லில்லிக் குடும்பத்தன அல்ல. மழை கண்டதும் தரையை ஒட்டிப் பூக்கும் மழை லில்லியும், நீண்ட வெள்ளிதழ்களை உடைய சிலந்தி லில்லியும் அமரில்லிஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. கார்த்திகைப் பூவையோ பழைய தாவர நூலார் லில்லிக் குடும்பத்திலேயே வைத்தனர். இக்காலத்தார் வேறொரு குடும்பமாகப் பிரித்துள்ளனரெனினும், லில்லி வரிசையினின்றும் அதனை நீக்கினாரல்லர். ஆகவே எமது மகளுக்கு நாம் கூறிய விடை பொய்யன்று.

இனி, இதனை நடும் முறையைக் காண்போம். கோடை முழுவதும் உறங்கும் கிழங்கைப் புரட்டாதியில், மாரி மழை தொடங்குமுன் தோண்டி எடுத்தல் வேண்டும். கிழங்கு இரு கிளையாக வளைந்து கலப்பையைப் போன்றிருக்கும். கலப்பைக் கிழங்கு என்னும் பெயரும் அதனாலேயே வந்தது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரேயொரு முளைக்கண் உண்டு. அது முறிந்துவிட்டால் அக்கிளை முளையாது. எனவே அலவாங்கால் ஓங்கிக் குத்தாமல், சற்று விலகி மண்ணை இளக்கி, கையுறை அணிந்து, மெல்ல எடுத்தல் நன்று.

நீர் தேங்காத இளகிய மண்ணே இதற்கு ஏற்றது. எமது செம்மண் மிகவும் பொருந்தும். களிமண்ணாயின் மணலும் மக்கிய எருவும் கலந்து மேடாக்குக. சுமார் மூன்று அங்குல ஆழத்தில் கிழங்கைப் படுக்கையாக வைத்து மூடுக. கிழங்குக்குக் கிழங்கு ஓரடியேனும் இடைவெளி இருக்கட்டும். கொடிக்கு வெயிலும், அடிக்கு நிழலும் கிடைக்குமாயின் அது செழித்து வளரும். ஈரம் வேண்டுமேயன்றி வெள்ளம் ஆகாது. நீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். விதை மூலமும் வளர்க்கலாம். ஆனால் பூவைக் காண மூன்று நான்கு ஆண்டுகள் பொறுத்திருத்தல் வேண்டும்.

முளைவிட்ட கொடி பற்றிப் படர ஒரு துணையை நாடும். இதன் இலை நுனியே நூல்போல் நீண்டு சுருண்டு, அகப்பட்டதைப் பற்றிக்கொள்ளும். கிளுவை வேலியோ மெல்லிய தடிகளாலான பந்தரோ போதுமானது. பெரிய மதிலைப் பற்ற இதனால் இயலாது. வேலிகள் நீங்கி மதில்கள் எழுந்த ஒழுங்கைகளில் கார்த்திகைப் பூ அரிதானதற்கு இதுவும் ஒரு காரணம் என எண்ணுகின்றோம்.

கார்த்திகை பிறந்ததும் பூக்கள் தோன்றும். ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து மேலெழுந்து, ஓரம் நெளிந்து, சுடர்போல் நிற்கும். முதலில் பசுமை கலந்த மஞ்சளாகவும், பின்னர் அடி மஞ்சளும் நுனி சிவப்புமாகவும், முடிவில் முழுச் சிவப்பாகவும் நிறம் மாறும். பூத்து ஓய்ந்த கொடி மாரி கழிந்ததும் வாடிவிடும். வாடிற்றென்று பிடுங்கி எறிதல் கூடாது. பழைய கிழங்கு தன் சத்தையெல்லாம் கொடுத்து வற்ற, அதனருகே அடுத்த ஆண்டுக்குரிய புதுக் கிழங்கு உருவாகியிருக்கும்.

இவற்றையெல்லாம் மகளுக்குக் கற்பித்தவண்ணம் புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை ஐந்தாறு கிழங்குகளைத் தோண்டினோம். மாலையில் நடலாமென்று அவற்றை ஒரு கடகத்தில் இட்டு, விறாந்தையில் வைத்துவிட்டு வெளியே சென்றோம். அன்று காலை சந்தையில் வாங்கிய வத்தாளங்கிழங்கும் விறாந்தையிலேயே இருந்தது. மாமியாருக்குக் கண்பார்வை மங்கல். அவர் இரண்டையும் ஒன்றாகக் கழுவி, அவிப்பதற்குப் பானையருகே வைத்துவிட்டார். குசினிக்குள் சென்ற மகள், "அம்மம்மா, இது கலப்பை போல இருக்கிறதே! அப்பா தோண்டிய கிழங்கல்லவா?" என்று கேட்டிராவிடின், அன்றிரவு எமது குடும்பம் முழுவதும் என்னவாகியிருக்கும் என்பதை நினைக்க இன்றும் உள்ளம் நடுங்குகின்றது.

பிழை மாமியாருடையதன்று; முழுவதும் எம்முடையதே. நடும் ஆழத்தையும் இடைவெளியையும் மகளுக்கு விரிவாகச் சொன்ன நாம், கிழங்கு நஞ்சு என்பதை வீட்டார் எவருக்கும் சொல்லவில்லை!

இச்செடியின் எல்லாப் பகுதியிலும் கொல்சிசின் என்னும் நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. அவித்தாலும் அதன் கொடுமை தீராது. உண்ட சில மணி நேரத்தின்பின் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். பின்னர் உள்ளுறுப்புகள் பலவும் பழுதுறும். உயிர் தப்பியவர்க்கும் தலைமயிர் உதிர்வதுண்டு. அதே கொல்சிசினை மருத்துவர்கள் மிகச் சிறிய அளவில் மூட்டுவாத நோய்க்கு மருந்தாகக் கொடுக்கின்றனர். அதன்பொருட்டே தமிழ்நாட்டில் ஒட்டன்சத்திரம், மூலனூர் முதலிய இடங்களில் இதனை விதைக்காகப் பயிரிடுகின்றனர். ஆனால் மருந்தின் அளவு மருத்துவருக்கே உரியது. வீட்டில் கைப்பக்குவம் பார்க்கும் பொருளன்று இது.

ஆகவே, வளர்ப்போர் சிலவற்றைக் கைக்கொள்ளல் வேண்டும். காய்கறிப் பாத்திக்கும் கிழங்குப் பாத்திக்கும் எட்டத்தில் நடுக. நட்ட இடத்தில் அடையாளத் தடியொன்று ஊன்றுக. தோண்டிய கிழங்கை வீட்டுக்குள் கொண்டுவராது அன்றே நட்டுவிடுக. தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. காய் வெடிக்குமுன் பறித்து, சிவந்த விதைகள் சிறுவர் கையில் அகப்படாது புதைத்துவிடுக. ஆட்டுக்குக் குழை வெட்டும்போது இக்கொடியை விலக்குக. தவழும் குழந்தை உள்ள வீட்டார் அது வளருமட்டும் பொறுத்திருத்தலே அறிவுடைமை. எவரேனும் தவறி உண்டால், "இன்னும் ஒன்றும் செய்யவில்லையே" என்று காத்திராது, செடியின் துண்டொன்றையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு விரைக.

அன்று மாலை, "இந்தக் கிழங்குகளை எறிந்துவிடுவோமா?" என்று மனைவி கேட்டார். நாமும் அதற்கு உடன்படவே இருந்தோம். மாமியாரே தடுத்தார். "விளக்குச் சுடும் என்று யாராவது இருட்டில் இருப்பார்களா? பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் மாடத்தில் வைப்பதில்லையா?" என்றார். கற்ற எமக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றிற்று.

கோடிப்புற வேலியோரம், படலைக்கு அப்பால், அவற்றை நட்டோம். விளக்கீட்டன்று முற்றத்திலே சிட்டிகள் எரிந்தபோது, வேலியிலும் ஏழு பூக்கள் சுடர்விட்டன. எமது மகள் தன் சிநேகிதியை அழைத்து வந்து காட்டினாள். "இதுதான் எங்கள் லில்லி" என்றாள், உடனே, "பார்க்கலாம், பிடுங்கக் கூடாது, கிழங்கு நஞ்சு" என்றும் சொன்னாள். நாம் சொல்ல மறந்ததை அவள் மறக்கவில்லை.