கொப்பியும் சீட்டும் பதினோரு யூரோவும்

கையில மிச்சம் 11 யூரோ 40 சென்ட். தேதி நவம்பர் 17. அடுத்த காசு வர இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. இதுல பெரிய காமெடி என்னன்னா, அய்யா பலெர்மோவுக்கு வந்திருக்கறது பொருளாதாரமும் நிதியும் படிக்க. அன்னிக்குக் காலைல கிளாஸ்ல போர்ட்ஃபோலியோ தியரி. வெளிய வந்து பர்ஸைத் திறந்து பார்த்தா, என்னோட போர்ட்ஃபோலியோ ஒரு பத்து யூரோ நோட்டும் கொஞ்சம் சில்லறையும் :-)

இது போன வருஷக் கதை. இப்ப சிரிச்சிக்கிட்டே சொல்றேன், அப்ப சிரிக்கல.

ஊர்லேர்ந்து கொண்டு வந்த காசு ஆறு மாசத்துக்குன்னு கணக்கு. ரெண்டு மாசத்துல முடிஞ்சுது. எங்க போச்சுன்னு கேட்டா எனக்குச் சரியா பதில் தெரியல. பெரிய செலவெல்லாம் ஞாபகம் இருக்கு. தங்கும் அனுமதி அட்டைக்கு 40, அட்டை அச்சடிக்க 30.46, தபால் ஆபீஸ்ல 30, சிகரெட் கடைல விக்கிற வருவாய் வில்லை 16, ஆக மொத்தம் 116 யூரோ 46 சென்ட். ரூம் அட்வான்ஸும் ஞாபகம் இருக்கு. ஆனா மத்தது? தினம் ரெண்டு காபி, பல்லாரோ சந்தைல கடலைமாவு பனெல்லே வச்ச பன்னு (நம்ம பஜ்ஜிக்குத் தூரத்துச் சொந்தம்), ஒரு ஞாயித்துக்கிழமை செஃபாலுவுக்கு ரயில், இன்னொரு ஞாயிறு சிராகூசா. ஒவ்வொண்ணும் சின்னது. கேட்டா "இதுல என்ன ஆயிடப் போகுது?"ன்னு சொல்லியிருப்பேன். சொல்லிச் சொல்லியே ஆயிடுச்சு.

உதவித்தொகை? அது என் தப்பு, யாரையும் குறை சொல்ல முடியாது. குடும்ப வருமானத்தை இத்தாலிய அளவுகோலுக்கு மாத்திக் காட்டற காகிதம் ஒண்ணு வேணும், 'இசே பரிஃபிகாத்தோ'ன்னு பேரு. அதுக்கு நம்ம ஊர் தாசில்தார் கொடுக்கற வருமானச் சான்றிதழ், அதுக்கு அப்போஸ்டில் முத்திரை, அப்புறம் இத்தாலிய மொழிபெயர்ப்பு. "அங்க போய் பாத்துக்கலாம்"னு கும்பகோணத்துலயே விட்டுட்டு விமானம் ஏறினேன். வந்து சேர மூணு மாசம் ஆச்சு.

இன்னொண்ணும் இருக்கு. விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் அம்மாவோட செயினை அடகு வச்சுத்தான் வந்தேன். வட்டி மாசா மாசம் ஏறிக்கிட்டிருந்தது. அதை நினைச்சாலே பனெல்லே தொண்டைல நிக்கும். நின்னாலும் தின்னேன், அது வேற விஷயம்.

நான் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா வீட்டுல ஒரு ரூம்ல குடியிருக்கேன், பல்லாரோ பக்கத்துலயே. பலெர்மோல ஈழத்தமிழர் ஆயிரக்கணக்குல இருக்காங்கன்னு நம்ம ஊர்ல நிறைய பேருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாமத்தான் வந்தேன். 1983 ஜூலைக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வர ஆரம்பிச்சு, 1990ல மார்த்தெல்லி சட்டம் வந்தப்ப நிறைய பேருக்குக் காகிதம் கிடைச்சுது. பெரும்பாலும் வீட்டு வேலை, வயசானவங்களைப் பாத்துக்கற வேலை. அக்கா காலைல ரெண்டு வீடு துடைப்பாங்க, மத்தியானத்துலேர்ந்து ஒரு வயசான சிஞ்ஞோராவோட இருப்பாங்க.

அந்த நவம்பர் 17 ராத்திரி சமையல்கட்டுல என்னைப் பார்த்துட்டு, "என்ன தம்பி, முகம் வாடிப் போச்சு? சாப்பிட்டனீரோ?"ன்னு கேட்டாங்க. சாப்பிட்டேன்னு பொய் சொன்னேன். ஒண்ணும் சொல்லாம சோத்தையும் பருப்பையும் வச்சாங்க. சாப்பிட்டு முடிச்சப்புறம் ஒரு புது நோட்டு.

"இந்தக் கொப்பியை வைச்சிரும். ஒரு மாசத்துக்கு ஒவ்வொரு சதமும் எழுதும். பிறகு கதைப்பம்."

அவங்க கொப்பியையும் காட்டினாங்க. இருபது வருஷத்துக் கொப்பிங்க ஒரு பிஸ்கட் டின்ல இருக்கு. ஒவ்வொரு மாசத்துக்கும் நாலே நாலு தலைப்பு, அந்த வரிசைலயே: 'ஊருக்கு', 'சீட்டு', 'வீடு', 'மலை'. சம்பளம் வந்த அன்னிக்கே முதல் ரெண்டும் எடுத்து வச்சாச்சு. மிச்சத்துலதான் வாடகை, சாப்பாடு. முதல்ல சேமி, அப்புறம் செலவழின்னு இப்ப தன்னம்பிக்கைப் புத்தகம் எழுதறவங்க தடித்தடியா எழுதிச் சம்பாதிக்கற விஷயத்தை அக்கா ரூல் போட்ட நோட்டுல நாலு கோட்டுல வச்சிருந்தாங்க.

'மலை'ன்னா மோந்தே பெல்லெக்ரினோ. ஊருக்கு வடக்கே 600 மீட்டர் உயரத்துல நிக்கற மலை, மேல குகைக்குள்ள சாந்தா ரொசாலியா கோயில். 1624ல பிளேக் வந்தப்ப இந்த ஊரைக் காப்பாத்தினவங்கன்னு நம்பிக்கை. ஞாயித்துக்கிழமை காலைல நம்மாளுங்க, கிறிஸ்தவங்க மட்டுமில்ல, சைவக்காரங்களும்தான், அந்தக் கல்பாதைல நடந்து ஏறுவாங்க. அக்கா நெத்தில திருநீறோட ஏறுவாங்க. மாசம் அஞ்சு யூரோ மெழுகுவத்திக்கும் உண்டியலுக்கும். அதுக்கும் கணக்கு உண்டு.

எனக்கு இடிச்சது ரெண்டாவது தலைப்பு. சீட்டு!

நான் அஞ்சாவது படிக்கும்போது அம்மா ஒரு சீட்டுல சேர்ந்திருந்தாங்க. பதினாலு மாசம் கட்டினப்புறம், நடத்தினவங்க ஒரு ராத்திரி வீட்டைப் பூட்டிட்டுக் காணாமப் போயிட்டாங்க. அம்மா அந்தப் பூட்டைப் பார்த்துட்டு வந்து முத்தத்துல உக்காந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் எங்க வீட்டுல அந்த வார்த்தையையே யாரும் பேசறதில்ல.

அதனால ஜனவரில அக்கா, "பன்னிரண்டு பேர், மாசம் நூறு, சேருறீரோ?"ன்னு கேட்டப்ப உடனே பதில் சொல்லல. ரூமுக்குப் போய்ப் படிச்சேன் (படிக்கறது ஒண்ணுதான் நமக்கு வரும்). நம்ம நாட்டுல 1982 சிட் ஃபண்ட் சட்டம் இருக்கு, பதிவு பண்ணித்தான் சீட்டு நடத்தணும், நடத்தறவருக்குக் கமிஷன் உச்சவரம்பு 5 சதவீதமா இருந்தது, 2019 திருத்தத்துல 7 ஆச்சு. இலங்கைலயும் 1935லயே சீட்டுச் சட்டம் வந்துடுச்சு. அக்கா சமையல்கட்டுச் சீட்டுக்கு இதெல்லாம் எதுவும் பொருந்தாது. யாராவது ஓடிட்டா எங்கயும் போய்க் காட்டறதுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. இதை அக்காகிட்டயே கேட்டேன். கோவப்படல.

"ஓம் தம்பி, ஓடலாம். அதாலதான் தெரியாத ஆக்களை நான் சேர்க்கிறேல்லை. ஆராவது கட்டாட்டி நான் கட்டவேணும். ரெண்டு தரம் கட்டியிருக்கிறன்."

அந்த ரெண்டு தரமும் கொப்பில இருந்தது. தேதியோட. சேர்ந்தேன்.

நூறு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேப்பீங்க. மாணவர் அனுமதில வாரத்துக்கு 20 மணி நேரம் வரைக்கும் வேலை பாக்கலாம். வெள்ளி, சனி ராத்திரி ஒரு உணவகத்துல பாத்திரம் கழுவினேன். கொப்பியும் கைகொடுத்துச்சு. முதல் மாசம் எழுதிப் பார்த்தா காபி, பன்னு, பிஸ்கட் மட்டும் 94 யூரோ. கூட்டல் தப்போன்னு மூணு தடவை கூட்டினேன். இல்ல.

சீட்டு தெரியாதவங்களுக்கு: பன்னிரண்டு பேர் நூறு நூறா போட்டா மாசம் 1200. அவசரம் உள்ளவங்க "150 விட்டுக் கொடுத்து எடுத்துக்கறேன்"னு கேப்பாங்க. அவங்களுக்கு 1050. அந்த 150ஐ பன்னிரண்டு பேரும் பிரிச்சுக்குவாங்க. எங்க ஊர்ல 'தள்ளி எடுக்கறது', பிரிச்சுக்கறது 'கசர்'. அக்காவுக்கு 'கழிவு கூறுறது'. கடைசி வரைக்கும் பொறுத்தவங்களுக்கு முழு 1200.

பிப்ரவரி கடைசில என் லேப்டாப் உயிரை விட்டுது. பரீட்சை, புராஜெக்ட் எல்லாம் அதுலதான். மார்ச் சீட்டை 150 தள்ளி எடுத்துடறதுன்னு முடிவு. 1200ல 150னா எட்டுல ஒரு பங்கு, பரவாயில்லைன்னு தோணுச்சு. ஆனா அன்னிக்கு ராத்திரி லேப்ல உக்காந்து ஒரு தடவை எக்செல்ல போட்டுப் பார்த்தேன். கைக்கு வர்ற 1050ல அந்த மாசத் தவணை 100 போயிடும். ஏற்கெனவே கட்டின 200 என் சொந்தக் காசு. அப்ப நான் நிஜமா கடன் வாங்கறது 750தான். அதுக்கு ஒன்பது மாசம் 900 கட்டணும். வட்டி மாசத்துக்குக் கிட்டத்தட்ட 3.8 சதவீதம்! வருஷத்துக்கு 46 பக்கம் வருது. பின்னாடி வர்ற கசரைக் கழிச்சா கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அம்மா செயின் மேல அடகுக் கடைக்காரர் போடற வட்டியைத் திட்டிக்கிட்டிருந்த ஆளு நான்.

சரி, வேற வழி? பேங்க்ல கடன் கேட்டா முதல்ல சம்பளச் சீட்டு கேப்பாங்க. என்கிட்ட இருந்தது சோப்புத் தண்ணில ஊறின கைதான். சரி, தள்ளியே எடுப்போம்னு போய் உக்காந்தேன்.

மாசத்து முதல் ஞாயிறு சாயந்திரம், டீ, உளுந்து வடை. கிளிநொச்சிக்காரர் ஒருத்தர் எப்பவும் ஜோக்கா பேசுவாரு, அன்னிக்குப் பேசல. அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்களாம், டிக்கெட் எடுக்கணும். "அம்பது"ன்னாரு. அவ்வளவுதான். யாரும் மேல கேக்கல. எனக்குத் தொண்டை வரைக்கும் 150 வந்துடுச்சு. அக்கா என்னைப் பார்க்கவே இல்ல, டீயை ஆத்திக்கிட்டிருந்தாங்க. நான் வாயை மூடிக்கிட்டேன். தியாகம்னெல்லாம் நினைச்சுடாதீங்க மக்களே, அந்த நிமிஷத்துல வாயைத் திறக்கத் தைரியம் வரல, அதான் உண்மை. அவர் 1150 வாங்கிட்டுப் போனாரு. என் பங்குக்கு 4 யூரோ 17 சென்ட் கசர் வந்துச்சு. அதைப் பர்ஸ்ல போடவே கூச்சமா இருந்தது.

அப்புறம் ரெண்டு மாசம் யுனிவர்சிட்டி கம்ப்யூட்டர் லேப்லயே குடித்தனம். மே மாசம் கொப்பில மிச்சம் பிடிச்ச காசுல பழைய லேப்டாப் ஒண்ணு, 220 யூரோ.

கிளிஃபர்ட் கீர்ட்ஸ்னு ஒரு மானுடவியலாளர் 1962ல இந்த மாதிரி சுழல் சீட்டுங்களைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாரு. ஜாவா, சீனா, ஜப்பான், ஆப்பிரிக்கான்னு எல்லா இடத்துலயும் இது இருக்கு, விவசாயச் சமூகம் வணிகத்துக்கு மாறும்போது ஏறற நடுப்படி இது, முறையான வங்கி வந்தா தானா தேஞ்சுடும்கறது அவர் கட்சி. ரெண்டு வருஷம் கழிச்சு ஷெர்லி ஆர்டனர் அதை அப்படியே ஒத்துக்கல. நான் ஆர்டனர் பக்கம். எங்க சீட்டுல உள்ள பன்னிரண்டு பேருக்கும் பேங்க் அக்கவுண்ட் இருக்கு, போன்ல ஆப் இருக்கு. ஆனா யார் அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்கன்னு ஆப்புக்குத் தெரியாது. ஸ்கூல் திறக்கற செப்டம்பர்ல எங்க சீட்டுல கழிவு 130 வரைக்கும் ஏறிச்சு, எல்லாருக்கும் அவசரம். மார்ச்ல அம்பதுல நின்னுச்சு. ஒரே காசு, ஒரே ஆளுங்க. இந்த வட்டி எப்படி முடிவாகுதுன்னு என் பாடப் புத்தகத்துல எந்தச் சமன்பாடும் இல்ல. தீசிஸுக்கு இதையே எடுத்துக்கலாமான்னு ஒரு யோசனை ஓடுது.

இந்த நவம்பர்ல, பதினோராவது சீட்டு, பத்து யூரோ கழிவுல எனக்கு. 1190. அன்னிக்கே ஊருக்கு அனுப்பிட்டேன், ஒரு லட்சத்துக்கு மேல வந்துச்சு. செயினை மீட்டுட்டு அம்மா போன் பண்ணாங்க.

"ஏதுடா இவ்வளவு பணம்? கடன் வாங்கினியா?"

"இல்லம்மா... சீட்டு."

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு பார்த்தேன். அப்புறம் ஒவ்வொரு கேள்வியா வந்துச்சு. எத்தனை பேரு, யாரு நடத்தறா, அவங்க வீடு சொந்த வீடா, எத்தனை வருஷமா நடத்தறாங்க. கடைசியா, "போனை அவங்ககிட்ட குடு."

குடுத்தேன். நாப்பது நிமிஷம் பேசினாங்க. அம்மா பேசின தஞ்சாவூர்த் தமிழ் அக்காவுக்குப் பாதி புரியல, அக்கா பேசினது அம்மாவுக்குப் பாதி புரியல. நடுநடுவுல "என்ன சொல்றாங்க?"ன்னு ரெண்டு பேரும் என்னையே கேட்டாங்க. வச்சப்புறம் அக்கா பிஸ்கட் டின்னை எடுத்துக் கொப்பியைத் திறந்து, ஜனவரிச் சீட்டுக்கான பக்கத்துல பேர்களை எழுத ஆரம்பிச்சாங்க.

"நாலாவதா உம்மட பேரைப் போடட்டோ?"